இவர் தோற்றுக்கொடுத்த ஞாயிறு

ஞாயிறு பூசை முடிந்து நோர்வேயில் அம்மருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தால் போதும், அமெரிக்காவிலிருந்து தம்பி வீடியோவில் வந்துவிடுவான். எனக்கு "அக்கா, சுகமோ?" என்று ஒரு வார்த்தை. பிறகு என் கணவரோடு சண்டை. வரி கூடவா குறையவா, வேலையில்லாதவனுக்கு அரசாங்கம் சோறு போடலாமா கூடாதா, இதுதான் ஒவ்வொரு கிழமையும்.

"அங்கை வரி கட்டிக் கட்டியே கிழவனாப் போங்கோ, அத்தான். இஞ்சை உழைக்கிறவன் முன்னுக்கு வருவான்."

"வருத்தம் வந்தால் என்ன செய்வான், மச்சான்?"

"வைத்தியக் காப்புறுதி இருக்கு. அதுவும் இல்லாதவன் சோம்பேறி."

இரண்டு பேரும் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர்கள். ஒருவர் மற்றவரிடம் "நீ சொல்வது சரி" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

போன குளிர்காலத்தில் தம்பியின் மனைவி என்னைத் தனியாக அழைத்தாள். அவனுக்கு வேலை போய்விட்டதாம். வேலையோடு காப்புறுதியும் போய்விட்டது.

"மச்சாள், இன்சுலினைப் பாதி பாதியாப் போடுறார். நான் சொன்னனான் எண்டு தெரிஞ்சால் என்னோடை கதைக்கமாட்டார்."

எங்கள் வீட்டில் சீனி வருத்தம் குடும்பச் சொத்து. எனக்கும் அதே ஊசிதான். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். பட்டருக்குப் பக்கத்தில், அரசாங்கச் செலவில் கிடைக்கும் என் மருந்து பெட்டி பெட்டியாக இருந்தது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர், இரண்டு நாடு. கதவை மூட மனமில்லாமல் அங்கேயே நின்று அழுதேன். தபாலில் அனுப்பலாமா என்று இங்கே குறொன்லாண்டில் உள்ள மருந்துக்கடையில் கேட்டேன். அங்கே நின்ற பெண் பாவமாகப் பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டினாள். காசு அனுப்பலாம்தான், ஆனால் வாங்குவானா? வாங்கினால் இத்தனை வருடச் சண்டையிலும் தோற்றதாகிவிடுமே! உயிரைவிட வாய்வீச்சா பெரிது என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

கணவரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "இஞ்சேருங்கோ, இந்த ஞாயிறு ஒருக்காத் தோத்துப் போங்கோ. வெண்டிட்டான் எண்டால் மனம் இளகும். பிறகு காசு அனுப்புறதைப் பற்றி நான் கதைக்கிறன்."

அந்த ஞாயிறும் தம்பி வீடியோவில் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வழக்கம்போல வரியில் தொடங்கினான். இவர் சொன்னார்.

"ஓம் மச்சான். நீ சொல்லுறதுதான் சரி."

துள்ளுவான், நக்கலடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கக்கூட இல்லை. திரும்பித் தன் மனைவி இருந்த பக்கம் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"ஆர் அத்தான் உங்களுக்குச் சொன்னது?"

நான் "தம்பி" என்று வாயெடுப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தேன், பதில் இல்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவன் வரவில்லை. முழு ஊசி போடுகிறானா, பாதியா என்று எனக்குச் சொல்ல இப்போது அவன் மனைவிகூட அழைப்பதில்லை.