ஐயாவு அண்ணன் சாகாத படம்

ஐயாவு அண்ணன் பதினொரு படங்களில் நடித்து இருபத்தேழு முறை செத்தவர். கணக்கில் பிழை இல்லை. எங்கள் படங்களுக்கு அடியாள்கள் ஆறே பேர்தான். கதாநாயகனிடம் உதை வாங்கிச் செத்ததும் மரத்துக்குப் பின்னால் உருண்டு போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, வேறு ஆளாக ஓடி வந்து மறுபடி சாக வேண்டும். பார்க்க வருகிற ஜனங்களுக்கும் இது தெரியும். "ஐயாவு மூணு, ஐயாவு நாலு" என்று உட்கார்ந்தபடியே எண்ணுவார்கள்.

எங்கள் இயக்குநர் ஆம்புரோஸ் எங்கள் ஊர் ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாரம் ஆறு நாளும் அடுத்தவன் பிரேக் போடாமல் விடுவதைப் பார்த்து நடுங்குகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அந்த நடுக்கத்தையெல்லாம் சண்டைக் காட்சியாக எடுக்கிறார் என்பது என் கருத்து. நான் அச்சுக்கடையில் வேலை செய்கிறேன். படத்தில் அடி விழும் சத்தம் என் பொறுப்பு. ஈரத் துண்டைச் சுவரில் விளாசினால் அறை. பயத்தங்காயை ஒடித்தால் எலும்பு முறிவு. சத்தம் உதைக்குக் கொஞ்சம் பின்னால்தான் வந்து சேரும். குறை சொல்பவர்கள் ஒரு நாள் வந்து துண்டைப் பிடித்துப் பார்க்கட்டும்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய படங்களில் கார் வெடித்துச் சிதறும். எங்கள் படத்தில் காரின் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துவோம், ஏனென்றால் அது ஆம்புரோஸின் மச்சினன் கார். வில்லனின் கோட்டை எப்போதும் பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே பாழாய்க் கிடக்கும், ஒரு காலத்தில் ரப்பர் பால் சேர்த்த பழைய பால் ஸ்டோர்தான். செத்துக் கிடப்பவனைக் கொசு கடித்தால் சொறிந்துகொள்வான். இருந்தாலும் சொல்கிறேன், காலையில் வீட்டுக்கு கேஸ் தோங், அதாவது சமையல் கேஸ் சிலிண்டர், தூக்கி வந்து வைத்த மனுஷன் மத்தியானம் திரையில் கத்தியோடு பாயும்போது ஊரே எழுந்து நின்று கத்துகிறதே, அந்தச் சந்தோஷம் எத்தனை மில்லியனைக் கொட்டினாலும் வராது.

அந்த கேஸ் தோங் மனுஷன்தான் ஐயாவு அண்ணன். வயது ஐம்பத்தொன்று. புந்தோங்கில் வீடு. லிப்ட் ஓடாத அடுக்குமாடிகளில் நான்காம் மாடி வரைக்கும் தோங்கைத் தோளில் ஏற்றிப் போவார். அந்தத் தோளைப் பார்த்துத்தான் ஆம்புரோஸ் இவரைப் பிடித்துப் போட்டார்.

ஊரே பார்த்துக் கைதட்டிய அத்தனை சாவுகளையும் பார்க்காத ஒரே ஆள், அவர் மனைவி துளசி அக்கா. முதல் படத்துக்கு ஆசையாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் வந்தார். பத்தாவது நிமிடம் அண்ணன் மார்பில் குண்டு பாய்ந்தது. அவர் கீழே விழுவதற்குள் அக்கா விறுவிறுவென்று எழுந்து, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்விட்டார். "கழுத்துல தாலிய வச்சுக்கிட்டு எம்புருசன் சாவுறத நான் உக்காந்து பாக்கணுமாலா? கண்ணால பாத்தா பலிச்சிரும்" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் அண்ணன் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. ஊர் முழுக்கக் கைதட்டினாலும் அவர் கண் அந்த நாற்காலிக்குத்தான் போகும். எனக்குப் பாவமாக இருக்கும்.

பன்னிரண்டாவது படத்துக்குக் கதை சொல்ல உட்கார்ந்தபோது அண்ணன் வாயைத் திறந்து கேட்டுவிட்டார்.

"தம்பி, இந்த ஒரு படத்துலயாவது என்னைய உசுரோட விட்டுரு. துளசி வந்து பாக்கணும்."

ஆம்புரோஸ் இளகிப் போனார். வில்லனின் வலது கை மனம் திருந்தி, கடைசிக் காட்சியில் கதாநாயகனோடு கை கோத்து நடந்து போகிற மாதிரி எழுதினார். ஒரு வசனம்கூட உண்டு: "இனிமே இந்தக் கை யாரையும் அடிக்காது." இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்த்தாராம். துளசி அக்காவும் வருவதாக ஒத்துக்கொண்டார். "சாக மாட்டீங்கல்ல? சத்தியமா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான்.

முக்கால் படம் முடிந்தது. பால் ஸ்டோர் சண்டையும் கடைசிக் காட்சியும்தான் பாக்கி. எல்லாருக்கும் வேலை லீவாக இருக்கிற நாளாகப் பார்த்து ஆம்புரோஸ் தேதி குறித்தார். தைப்பூசத்துக்கு மறுநாள். மாதா கோயில் நாட்காட்டியைப் பார்த்து வளர்ந்தவர், அவருக்கு லீவு மட்டும்தான் கண்ணில் பட்டது. இந்துக்கள் நாங்கள் அத்தனை பேர் சுற்றி நின்றோம், எங்களுக்காவது உறைத்ததா? அதுவும் இல்லை.

அன்று காலை பீடோரில் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். ஐந்து அடியாள்கள், ஐந்தும் மொட்டை. தலையில் சந்தனம் பளபளத்தது. முந்தின வாரம் எடுத்த காட்சிகளில் அத்தனை பேருக்கும் அடர்ந்த முடி. ஆறாவது ஆள் பவித்ரன் ஓவர்டைம் என்று வரவே இல்லை.

ஆம்புரோஸ் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஏன் அண்ணே, நீங்களுமா?"

"வேண்டுதல் தம்பி. ஒரு படத்துலயாவது உசுரோட இருந்தா மொட்ட போடுறேன்னு முருகன்கிட்ட சொல்லியிருந்தேன்."

"படம் முடியட்டும்னு இருந்திருக்கலாம்ல?"

"சாமி கடன் அண்ணே" என்று நான்தான் குறுக்கே புகுந்தேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

ஆம்புரோஸ் நெற்றியைத் தேய்த்தபடி வழி சொன்னார். மற்ற நாலு பேரும் ஹெல்மெட்டோடு சண்டை போடலாம். எப்படியும் கையில் இருக்கிற ஹெல்மெட், செலவில்லை. ஐயாவு அண்ணனைத்தான் ஒன்றும் செய்ய முடியாது, திருந்துகிறவன் முகம் தெரிய வேண்டும். ஆகையால் அவர் முன்னாலேயே செத்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். முடியோடு இருக்கும் பழைய காட்சி ஒன்றில் ஒரு துப்பாக்கிச் சத்தம் சேர்த்தால் போதும்.

சத்தம் என் பொறுப்பு. அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாலு மாடி தோங் ஏற்றுகிற மனுஷன், மொட்டைத் தலையைத் தடவியபடி, "நான் துளசிகிட்ட சத்தியம் பண்ணிட்டேன் தம்பி" என்றார். பிறகு, "திருந்துனவன் கோயிலுக்குப் போயி மொட்ட போட மாட்டானா? எங்க ஆளுங்க திருந்துனா மொதல்ல அதத்தானே செய்வாங்க" என்றார்.

ஆம்புரோஸ் வாளியில் இருந்து துள்ளி எழுந்தார். "அலாமாக், அண்ணே" என்று அந்தச் சந்தனத் தலையைப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பவித்ரன் வராததால் ஒரு ஹெல்மெட் குறைகிறது. அண்ணன் அந்த ஆளாகவும் வந்து ஒரு உதை வாங்கிச் சாக வேண்டும்.

"மூஞ்சி தெரியாதுல்ல?"

"ஏசுவுக்கே தெரியாது அண்ணே."

படம் போட்டது புந்தோங்கில் ஒரு சமூக மண்டபத்தில், ஞாயிறு பகல் மூன்று மணிக்கு. வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டினோம். துளசி அக்கா அதே பட்டுப்புடவையில் வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நேர் பின்னால். திரையில் அண்ணன் வரும்போதெல்லாம் அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வதும், அடி தப்பியதும் விடுவதும் எனக்குக் கேட்டது.

பால் ஸ்டோர் சண்டை வந்தது. ஐந்து ஹெல்மெட்டுகள் கதாநாயகன் மேல் பாய்ந்தன. நாலு பேர் ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிந்து எதிரில் நிற்பது யார் என்று தெரியாமல் காற்றை அடித்துவிட்டு விழுந்தார்கள். ஐந்தாவது ஹெல்மெட் நெஞ்சில் உதை வாங்கியது. உதைபட்ட ஆள் இரண்டடி பின்னால் போனார். முழங்கால் பக்கம் காற்சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டார். இடது கையால் தரையைத் தடவித் துடைத்தார். மெல்ல உட்கார்ந்து, ஒருக்களித்துப் படுத்துச் செத்தார்.

துளசி அக்காவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. இருபத்தாறு வருஷமாக வேலை முடிந்து வந்து ஒருவர் பாயில் படுக்கிற விதம், பக்கத்தில் படுப்பவளுக்குத் தெரியாமல் போகுமா? ஹெல்மெட் எதை மறைக்கும்?

"அது நீங்கதானே?"

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மொட்டைத் தலையில் வேர்வை வழிவது பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது. அக்கா எழுந்து போய்விடப் போகிறார், இனி எந்தக் காலத்திலும் வர மாட்டார் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் உதைச் சத்தம் 'பொத்' என்று வந்து சேர்ந்தது. செத்தவர் படுத்து முடித்த பிறகு.

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"செத்த மனுசன் எவனாச்சும் தரையத் தொடச்சிட்டுப் படுப்பானா? இதுக்கா நான் இத்தன வருசம் பயந்து செத்தேன்?" என்று அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அவர் தோளில் முகத்தைப் புதைத்து, அடக்க அடக்கப் பொங்கிப் பொங்கிச் சிரித்தார். முன் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

கடைசியாக அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நீங்க உசுரோட வர்ற சீன் எங்கங்க?"

"போயிருச்சு துளசி."

மொட்டையும், கை கோத்து நடந்ததும், இரண்டு வாரம் பாடம் செய்த வசனமும் எல்லாம் அக்கா சிரித்து முடிப்பதற்குள் ஓடிப்போயிருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன், அங்கே வருத்தத்தைக் காணோம். பல்லெல்லாம் தெரிந்தது.

"ஆம்புரோஸு, கடைசி சீன மறுபடி போடுப்பா, துளசி பாக்கட்டும்" என்றார் அண்ணன்.

"அது கெடக்கட்டும் தம்பி" என்றார் துளசி அக்கா. "அந்த ஹெல்மெட் சீனப் போடுங்க. அப்புறம் மத்த பதினொன்னையும் போடுங்க. நான் வீட்டுக்குப் போறதா இல்ல."

ஆம்புரோஸ் போட்டார். ஐயாவு அண்ணன் மறுபடி செத்தார். துளசி அக்கா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், முழுசாகப் பார்த்தார்.