குருநகரில் யாரும் திறந்து பார்க்காத பை

பயம் தணிந்த பிறகு மனிதர்களின் கவனம் எத்தனை காலம் தாங்கும்? இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் போன மாசியில் யாழ்ப்பாணம் போனேன். மாறிவரும் பயங்கரவாத அச்சுறுத்தல்களைப் பற்றி ஓர் ஆய்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு தாக்குதலுக்குப் பெரிய அமைப்பு வேண்டும். இப்போது ஒரு கைப்பேசியும் தனி அறையும் போதுமாம். குறி வைப்பதும் இராணுவ முகாம்களை அல்ல, சனம் கூடும் சாதாரண இடங்களை. அப்படியானால் தடுப்பதும் சாதாரண ஆட்களின் கையில்தானே இருக்கிறது? அவர்களைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கொழும்பில் காலை 5.45க்கு ரயில். இரண்டாம் வகுப்பு 1,900 ரூபாய். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து 12.40க்கு யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். அங்கிருந்து குருநகர் இரண்டு கிலோமீட்டர் சொச்சம், ஆட்டோவுக்கு 400. என்ன விஷயமாக வந்தேன் என்று ஓட்டுநர் கேட்டார். நான் வெகுளியாக, பயங்கரவாதம் என்ற சொல்லோடு முழுத் தலைப்பையும் ஒப்பித்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மிஸ், உந்தச் சொல்லை இங்கை சத்தமாச் சொல்லாதேங்கோ. நெடுக எங்களைத்தான் உந்தச் சொல்லாலை கூப்பிட்டவை. கோயில் பாதுகாப்பைப் பற்றிக் கேக்க வந்தனான் எண்டு சொல்லுங்கோ, சனம் கதைக்கும்."

மூன்று வருடப் படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம் இது. அவருக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன்.

நான் போன கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தக் கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களின் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். மேசைக்குப் பொறுப்பு ஜெசிந்தா, நாற்பது வயதுத் தையல்காரி. அன்று கொழும்பில் பூசைக்குப் போன அவளுடைய தங்கை திரும்பி வரவில்லை. சனிக்கிழமை பின்னேரம் கோயில் பாதர் என்னை அவளிடம் அறிமுகப்படுத்தினார். பெரிய ஆய்வாளர் என்று சற்றுக் கூட்டியே சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பூசை முடியக் கூட்டம் மிஸ்," என்றாள் ஜெசிந்தா. "மேசையை எடுக்கச் சொல்லி நிக்கினம். தெரிஞ்ச ஆக்களின்ரை பையை ஏன் கிளறுறாய் எண்டு ஏச்சு. எடுத்துப்போட்டால் என்ரை தங்கச்சியை எல்லாரும் மறந்திட்டினம் எண்டுதான் எனக்கு இருக்கும்."

ஞாயிறு காலை 5.40க்கு வாசலில் நின்றேன். பையைக் கழற்றினேன். "நீங்கள் போங்கோ மிஸ்," என்று அவள் கையசைத்தாள். எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்! உள்ளே போய், இரண்டாவது வரிசை வாங்குப் பலகையில் பையை வைத்து இடம் பிடித்தேன். கொழும்பு பஸ்ஸில் ஏறுகிற எந்தப் பெண்ணுக்கும் கை தானாகச் செய்கிற வேலை அது. பிறகு சோதனை எப்படி நடக்கிறதென்று பார்க்க வெளியே வந்து வேம்படியில் நின்று குறிப்பெடுத்தேன்.

பத்து நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, ஜெசிந்தா ஓடினாள். பக்கக் கதவால் சனம் வரிசையாக வெளியே வந்தது. பிள்ளைகளும் முதியவர்களும் முன்னால், தள்ளுமுள்ளு இல்லை. மூன்றே நிமிடத்தில் கோயில் காலி. அடடா, என்ன ஒழுங்கு என்று மும்முரமாக எழுதிக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ஆரோ ஒரு கறுப்புப் பையை விட்டிட்டுப் போட்டினம். வயர் வேறை தொங்குதாம்."

பை என்னுடையது, வயர் என் கைப்பேசிச் சார்ஜர்.

பையை நானே திறந்து காட்டினேன். சார்ஜர், தண்ணீர்ப் போத்தல், இரண்டு வாழைப்பழம். "ஆராய்ச்சி நல்லாத்தான் நடக்குது," என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

பூசைக்குப் பின் நடந்த கூட்டத்தில், மேசையை எடுக்கச் சொன்னவர்களில் ஒருவர் எழும்பினார். "மேசை இருந்தும் பை உள்ளுக்கை போட்டுது. பிறகென்னத்துக்கு மேசை?"

குற்றம் என்னுடையது என்று நான் வாயெடுப்பதற்குள் ஜெசிந்தா எழுந்துவிட்டாள்.

"மேசையிலை பிழையில்லை, நான்தான் பாக்கேல்லை. படிச்ச ஆள், பாதர் கூட்டிவந்த ஆள் எண்டு விட்டிட்டன். அண்டைக்கு என்ரை தங்கச்சியின்ரை கோயிலிலையும் ஆரோ ஒராள் மரியாதைக்கு வழி விட்டிருக்கும்." வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "மேசை இருக்கிறதெண்டால், இனி நான் ஒருத்தரையும் விடமாட்டன். பாதரையும்தான்."

பாதர் தன் தோல்பையை எடுத்துப்போய் வாசல் மேசையில் வைத்துவிட்டு, திறக்கட்டும் என்று நின்றார். அவருக்குப் பின்னால், மேசையை எடுக்கச் சொன்னவரே வரிசையில் வந்து நின்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு பூசை ஆறு மணிக்கு. தோளும் தலையும் மூட ஒரு சால்வை கொண்டுபோங்கள். இராணுவ முகாம்களைப் படமெடுக்காதீர்கள். இழப்புகளைக் கேட்டுத் துருவாதீர்கள், அவர்களே சொன்னால் கேளுங்கள். பையை வைத்து இடம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். வாசலில் யாராவது "நீங்கள் போங்கோ" என்று மரியாதையாகக் கையசைத்தால் போகாதீர்கள். நின்று, பையைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள்.