அக்காவின் மெத்தை இங்கிலீஷ்

என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மெத்தைக் கடையின் பின்னறையில் உறை தைக்கிறவள். பஞ்சுத் தூசியில் தும்மித் தும்மி அலுத்துப்போய், முன்பக்கம் விற்பனைக்கு வந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முதலாளி ஒரே நிபந்தனை போட்டார்.

"சனிக்கிழமை ஒரு வாய்ப்பு தரேன். ரெண்டு மெத்தையை ஒப்பிட்டு இங்கிலீஷ்ல சொல்லி வித்துட்டா முன்னாடி நில்லு. இல்லைன்னா ஆயுசுக்கும் பின்னாடிதான்."

அக்கா மாலை வகுப்பில் சேர்ந்தாள். அதன் பிறகு வீட்டில் ஒரு பொருளையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. "திஸ் பக்கெட் இஸ் பிக்கர் தேன் தட் பக்கெட்" என்று குளியலறையிலிருந்து குரல் வரும். தன் கணவரையும் என் கணவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் தொப்பை பெரிது என்று உரக்கச் சொன்னாள். தோற்றது யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அன்று இரவு சோறே வேண்டாம் என்றுவிட்டார்.

வகுப்பு டீச்சருக்கோ திருப்தியே இல்லை. "கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி இருக்கு. கண்ணெதிர்ல இருக்கறதை எதுக்கு 'தேன் தட் பக்கெட்'னு மறுபடியும் இழுக்கறீங்க? 'திஸ் ஒன்ஸ் பிக்கர்'னு சொல்லிட்டு விடுங்க, மீதி தானாப் புரியும்" என்றாராம். மனதில் இருப்பதை முழுசாகக் கொட்டியே பழகியவள் அக்கா. பாதியை விழுங்கு என்றால் எப்படி விழுங்குவாள்? வெள்ளிக்கிழமை அடுப்படியில் அழுதேவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"இதுக்கு டீச்சர் எதுக்குக்கா? நம்ம அத்தையைப் பாருங்க. உங்க சமையலைச் சாப்பிட்டுட்டு 'நேத்து நல்லா இருந்துச்சு'ன்னு ஒரு பெருமூச்சு விடுவாங்க. நேத்து சமைச்சது யாருன்னு சொல்றாங்களா? உங்களுக்குப் புரியாமப் போகுதா?"

நேற்று சமைத்தது நான். மாமியார் கணக்கில் எப்போதும் நான்தான் ஒரு படி மேல். அந்தத் திமிரில்தான் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

சனிக்கிழமை வேடிக்கை பார்க்க நானும் கடைக்குப் போயிருந்தேன். இங்கிலீஷ் மட்டுமே பேசும் ஒரு தம்பதி வந்து, விலை குறைந்த மெத்தையில் உட்கார்ந்தார்கள். அக்கா பக்கத்திலிருந்த விலை கூடின மெத்தையை மெல்லத் தட்டினாள்.

"திஸ் ஒன்ஸ் ஸாஃப்டர்."

அவ்வளவுதான். பிறகு அவர்கள் உட்கார்ந்திருந்த மெத்தையைப் பார்த்து, அச்சு அசல் அத்தை மாதிரியே ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த அம்மாள் சுட்டதுபோல் எழுந்தாள். விலை கூடினதுக்கே பில் போட்டாயிற்று. அன்றைக்கே முன்பக்கம் அக்காவுக்கு நாற்காலி வந்துவிட்டது.

மாலை அவசரமாக வந்து அவள் சமைத்ததில் உப்பு தூக்கல். நாற்காலிச் சேதியைக் கேட்டிருந்த அத்தை, ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ நாளைக்கும் வீட்லதானே இருப்ப?"

வேலைக்குப் போவது யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரியாமலா போகும்? அக்கா தட்டின்மேல் குனிந்துகொண்டாள். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.