தம்பியின் உதட்டில் ஒரு கீறல்

என் தம்பியைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பாம்புச்செவி’ என்றால்தான் தெரியும். ஊதுகிற வாத்தியங்களைப் பழுது பார்ப்பவன். கிளாரினெட்டின் துளைகளை விரலால் அடைத்து ஒரு மூச்சு ஊதுவான். மயிரிழை அளவு காற்று கசிந்தாலும் எந்த இடம் என்று சொல்லிவிடுவான். எட்டாவதோடு நின்ற நான் அதே பட்டறையில் வாத்தியப் பெட்டிகளுக்கு உள்ளே வெல்வெட் ஒட்டுகிறேன். பதினேழு ஆண்டுகளில் அவன் சரிசெய்த ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை; தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அதனால் ஒரே வாரத்தில் இரண்டு கிளாரினெட்டுகள் திரும்பி வந்தபோது ஒட்டுவதை நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். கவனித்தால், அவன் ஊதிப் பார்ப்பதையே விட்டிருந்தான். சைக்கிள் பம்பில் ரப்பர் குழாய் மாட்டிக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

“என்னடா, டயருக்குக் காத்தடிக்கிறியா?”

“இது புது முறைக்கா.”

“புது முறைலதான் ரெண்டும் திரும்பி வந்துச்சா?”

பம்பை இன்னும் வேகமாக அடித்தான். வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்தான். யாராவது இருமினால் இரண்டடி பின்வாங்கினான். தன் டம்ளரை மேல் அலமாரியில் தனியாக வைத்தான். எனக்குப் பல யோசனை ஓடியது. ஒன்றும் நல்லதாக இல்லை.

மறுநாள் மதியம் தம்பி மனைவி இடுப்பில் குழந்தையோடு பட்டறைக்கு வந்தாள். அவன் சாமான் வாங்கப் போயிருந்தான்.

“அண்ணி, உங்க தம்பிக்கு வேற எங்கயாவது குடும்பம் இருக்கா?”

“பைத்தியமா உனக்கு?”

“மூணு மாசமா முன்னறையில படுக்குறாரு. பிள்ளைக்கு ஒரு முத்தம் இல்ல. துண்டைத் தொட்டா பாயுறாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் பிள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்.”

அவள் சொன்னால் செய்கிறவள். அவள் போனதும் ஆணியில் மாட்டியிருந்த அவன் சட்டைப் பையைத் துழாவினேன். செய்யக் கூடாததுதான். மூன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் இருந்தன. மூன்றும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு மாதத்தில் எடுத்தவை. மூன்றிலும் எச்.ஐ.வி. இல்லை என்றே இருந்தது.

அவன் வந்ததும் சீட்டுகளை மேசையில் பரப்பினேன்.

“நீ என்ன போலீஸாக்கா?” என்றான். ஆனால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான்.

மூன்றரை மாதத்துக்கு முன் ஒரு கிளாரினெட்டை ஊதிப் பார்த்தபோது, அதன் வாய்ப்பகுதியின் உடைந்த ஓரம் உதட்டைக் கீறி ரத்தம் வந்திருக்கிறது. வேலை முடித்துப் பெட்டியில் வைக்கும்போது துணிக்கு அடியில் ஒரு மாத்திரைக் குப்பி. பெயரைப் போனில் தேடியிருக்கிறான். எச்.ஐ.வி. இருப்பவர்கள் சாப்பிடும் மாத்திரை.

“யாரோட கிளாரினெட்டு?”

“அது உனக்கு வேண்டாம்.”

“மூணு பேப்பரும் இல்லைன்னுதானேடா சொல்லுது?”

“ட்யூபை மாத்தி வெச்சிருந்தா?”

“மூணு இடத்துலயுமா?”

“ஒருத்தன் தப்புப் பண்ணுறப்ப மூணு பேர் பண்ண மாட்டாங்களா?”

வெள்ளிக்கிழமை அவனை அரசு மருத்துவமனையின் ஆலோசனை அறைக்கு இழுத்துப் போனேன். அங்கே ஆலோசனை சொல்லும் அம்மா கதவைச் சாத்திவிட்டு, அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“எச்சில்ல இது பரவாது தம்பி. ஒரே டம்ளர், ஒரே துண்டு, முத்தம், எதுலயும் பரவாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருத்தருக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போடுறது, சோதிக்காத ரத்தம் ஏத்துறது, சிகிச்சை எடுக்காத தாய்கிட்டருந்து பிள்ளைக்கு. வழி இவ்வளவுதான்.”

“அந்தக் கிளாரினெட்டுக்காரர் உதட்டுலயும் ரத்தம் இருந்திருந்தா?”

“அவர் கொடுத்து எத்தனை நாள் கழிச்சு ஊதினீங்க?”

“நாலு நாள்.”

“அது எப்பவோ காஞ்சு போச்சு. உடம்புக்கு வெளிய வந்தா அந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது. இன்னொண்ணு கேளுங்க. மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டு, சோதனைல கிருமியே தெரியாத அளவுக்கு அடங்கிட்டா, அவரோட சம்சாரத்துக்கே அவர்கிட்டருந்து பரவாது. உங்களுக்கு எப்படி வரும்? இதுக்குச் சோதனையே தேவையில்ல. நீங்க மூணு எடுத்திருக்கீங்க. கடைசியா எடுத்தது மூணு மாசம் தாண்டி. அதுக்கு மேல கேள்வியே இல்ல.”

“மனசைத் தேத்தச் சொல்றீங்களோன்னு...”

அந்த அம்மா கோபப்படவில்லை. “ஒரு வாத்தியத்த மூணு பட்டறைல பாத்து, கசிவு இல்லைன்னு சொல்லியும், ஒருத்தர் நாலாவதா உங்ககிட்டக் கொண்டு வந்தா என்ன சொல்வீங்க?”

தம்பி தலையைச் சொறிந்தான். “வாத்தியம் நல்லாத்தான் இருக்கு, உங்க காதைக் காட்டுங்கன்னு சொல்வேன்.”

“அதான். பயம் தூக்கத்தைக் கெடுத்தா இங்க வாங்க, பேசுவோம். ரத்தத்த விட்டுருங்க, பாவம்.”

நான் இடையில் நுழைந்து, “மேடம், அந்த ஆளு யாருன்னு இவன் சொன்னா நல்லதுதானே?” என்றேன்.

“யாருக்கு நல்லது?” என்றார்.

சனிக்கிழமை காலை அவன் மனைவியிடம் தானே எல்லாவற்றையும் சொன்னான். நான் கூடவே இருந்தேன். இல்லாவிட்டால் பாதியை விழுங்கிவிடுவான். அவள் சீட்டுகளை வாங்கி ஒவ்வொரு தேதியாகப் படித்தாள். அச்சு உண்மையானதா என்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள்.

“இதை முன்னாடியே சொல்லியிருந்தா வாய்ல முத்தா உதிர்ந்திருக்கும்? மூணு மாசம் என்னென்னமோ நெனைக்க வெச்சீங்களே!” அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாரு அந்தக் கிளாரினெட்டுக்காரரு?” என்றாள்.

“சொல்ல மாட்டேன்.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். தெரியாது என்பது என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். மூன்றரை மாதம் செத்துச் செத்துப் பிழைத்தவன், அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம் இருந்தாலும், என் தம்பி என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் முழுதாக நம்பவும் இல்லை. திங்கட்கிழமை குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு, அதே ஆலோசனை அறைக்குத் தனியாகப் போய் அவன் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டாள். புருஷன் என்ன சொன்னார் என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

திரும்பி வந்தபோது குழந்தை அவன் நெஞ்சில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்துவிடுமோ என்று அவன் அசையாமல் கிடந்தான்.

“நோயப் பத்தி நீங்க சொன்னதத்தான் அந்தம்மாவும் சொல்லுது,” என்றாள் செருப்பைக் கழற்றியபடி. “ஆனா உங்களப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குது. நல்லா சேர்ந்தீங்க ரெண்டு பேரும்!”

சொல்லிவிட்டு முன்னறையில் கிடந்த அவன் பாயைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போனாள்.