மூக்கனின் கலயம்

மலேசியாவிலிருந்து திருச்சியில் வந்து இறங்குகிறவர்கள் சாக்லேட்டும் தைலமும் கொண்டு வருவார்கள். அழகிரி சாம்பல் கொண்டு வருவான். இந்த முறையும் மொட்டைத் தலையோடு, துணி சுற்றிய கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டூரில் தங்கை வீட்டு வாசலில் நின்றான். இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

தங்கை கலைமதி மறித்தாள்.

"பந்தக்கால் நட்ட வீடுண்ணே இது. அதைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துடாதே."

ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். பந்தக்கால் நட்டபின் சாவு வீட்டுப் பக்கமே யாரும் போக மாட்டார்கள். அண்ணனோ சாவையே கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான். தேதி பார்த்து டிக்கெட் போட்ட மனுஷனுக்குப் பந்தக்கால் மட்டும் மறந்துவிட்டது.

ஜோகூரில் கட்டட வேலை அவனுக்கு. அம்மா ரங்கநாயகி இறந்தபோது பர்மிட் புதுப்பிக்கப் பாஸ்போர்ட் போயிருந்ததால் வர முடியவில்லை. அதிலிருந்து, அங்கே ஆள் அம்பு இல்லாமல் சாகிற நம்ம ஊர்த் தொழிலாளிகளுக்கு, வீட்டாரிடம் போனில் கேட்டுக்கொண்டு கொள்ளி வைப்பது இவன்தான். ஒவ்வொரு தடவையும் மொட்டை. மற்றவர்கள் அம்மா பேரில் அன்னதானம் போடுகிறார்கள். இவனுக்கு வாய்த்தது இது. போலீஸ், ஆஸ்பத்திரி என்று அலைந்து அலைந்து ஆள் ஓய்ந்துதான் போயிருந்தான்.

"இந்தக் கோலத்துல மணவறையில நின்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன பேசுவாங்க? உன்னை நிக்க வேணாம்னு என் வாயால சொல்ல வெச்சிடாதண்ணே."

அவன் காவேரிக்கு ஆட்டோ பிடித்தான். சாம்பலைக் கரைத்துவிட்டுக் குளிக்காமல் அங்கேயே சுருண்டு படுத்துவிடுவானோ என்ற பயத்தில் அவளும் ஏறிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படியில் பாதி இறங்கியதும் அழகிரி உட்கார்ந்துவிட்டான். கலைமதி தள்ளியே நின்றாள்.

"யாருண்ணே அது?"

"மூக்கன்னு பேரு. உப்பிலியபுரம் பக்கம். பெண்சாதி கைக்குழந்தைக்காரி. நீங்களே காவேரில விட்டுடுங்கன்னு சொல்லிட்டா."

"உனக்கு ஏண்ணே இதெல்லாம்?"

"அம்மாவை எடுத்தப்ப உன் வீட்டுக்காரர் வீடியோ கால் போட்டாருல்ல? கொள்ளி வைக்கிறப்பவே லைன் கட்டாயிடுச்சு. முழுசா எரிஞ்சாங்களா, கடைசி வரைக்கும் யாரு நின்னா, ஒண்ணும் தெரியாது. அதான் இவங்களுக்கு நின்னுடறேன். ஆனா இப்ப முடியல கலை. ஒடம்பு கேக்கல. அம்மாவை நீயாவது கூட இருந்து பாத்தியேன்னு ஒரு ஆறுதல்."

"நான் எங்கண்ணே பாத்தேன்? பொம்பளைங்களையெல்லாம் தெருமுனையோட திருப்பி அனுப்பிட்டாங்க."

இத்தனை வருஷத்தில் அவனுக்கு இது தோன்றவே இல்லை. அவள் பார்த்திருப்பாள் என்றே நினைத்திருந்தான். பெற்ற பிள்ளைகள் இருவருமே கடைசிவரை பார்க்கவில்லை.

கலைமதி செருப்பைக் கழற்றினாள். கிட்டே வந்து கலயத்தின் துணியை அவிழ்த்தாள்.

"பந்தக்கால்..." என்றான் அவன்.

"அது கெடக்கு. எந்திரிண்ணே. இவரையாவது நான் கடைசி வரைக்கும் பாக்கறேன்."

இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் சேர்ந்து கலயத்தைக் கவிழ்த்தார்கள். சாம்பல் கலங்கி, பிரிந்து, தண்ணீர் மறுபடி தெளியும் வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. அழுதுகொண்டே பார்த்தாள்.

கரையேறியதும் அவன் துண்டைப் பிழிந்து அவன் தலையைத் துவட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை இந்த மொட்டை மேல உருமாத் தலைப்பா கட்டிடலாம். மாலையை நீதான் எடுத்துக் குடுக்கணும்." துண்டை உதறி அவன் தோளில் போட்டாள். "இனிமே அங்கேருந்து ஊருக்கு யாரு வந்தாலும் அவங்ககிட்ட கலயத்தைக் குடுத்தனுப்பு. இங்க நான் நிக்கறேன்."