சந்தேகத்தோடு ஏறிய சின்ன மலை

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். மேடு என்றால் எங்களுக்கு ஆற்றங்கரைதான். அப்படிப்பட்ட ஊரில் என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகள் ஐந்து பேரும், சம்பா அறுப்பு முடிந்த கையோடு ஒரு பெரிய மலைக்குப் போவதாகத் திட்டம் போட்டார்கள். ராத்திரி முழுக்க ஏறினால் விடியும்போதுதான் உச்சி வருமாம். வேன் பேசியாயிற்று. ஆறு பேருக்கும் ஒரே நிறத்தில் பனியன்கூட வாங்கியாயிற்று.

எனக்குச் சந்தேகம் மலை மேல் இல்லை, அவர் மேல். நடவு சமயத்தில் ஒரு நாள் அவர் வயல் வரப்பில் திடீரென்று உட்கார்ந்துவிட்டதாகப் பக்கத்து வயல்கார அக்கா சொன்னார். கேட்டால், "சேத்துல கால் வழுக்கிடுச்சு" என்றார். வழுக்கி விழுந்தவர் வேட்டியில் சேறு இருக்க வேண்டாமா? துவைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? வளைகுடாவில் பல வருடம் இருந்தவர், உடம்பு சரியில்லை என்று ஒரு நாள்கூட போனில் சொன்னதில்லை. அவர் பேச்சை நம்பி அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது.

"முதல்ல ஒரு சின்ன மலை. நானும் வர்றேன். அதுல நல்லபடியா ஏறிட்டீங்கன்னா, அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

அடுத்த வேலை, மலையைத் தேர்ந்தெடுப்பது. இணையத்தில் எந்த மலையைத் தேடினாலும் 'மிக எளிது, குழந்தைகூட ஏறலாம்' என்று யாராவது எழுதியிருக்கிறார்கள். யார் வீட்டுக் குழந்தை என்றுதான் எழுதுவதில்லை. படங்களையும் நம்ப முடியாது. சரிவைக் காட்டாமல் சூரியனை மட்டும் காட்டியிருப்பார்கள். அதனால் 'எளிது' என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு வேறு விதமாகப் பார்த்தேன். பெரிய ஊர் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே ஆஸ்பத்திரி இருக்க வேண்டும். அடிவாரம் வரை வண்டி போக வேண்டும். எந்த இடத்திலிருந்தும் திரும்பிவிட முடிய வேண்டும். திருச்சி மலைக்கோட்டையில் கூட்டம், நம் நடைக்கு நடக்க முடியாது. அய்யர்மலையில் படிகள் ஆயிரத்துக்கு மேல், முதல் மலையாக அது வேண்டாம் என்று பட்டது. பச்சைமலைக்குப் போய் வருவதற்கே பொழுது போய்விடும். கடைசியில் புதுக்கோட்டை பக்கம் நார்த்தாமலை என்று முடிவு செய்தேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே தஞ்சாவூரில் என் தங்கை வீட்டில் தங்கிவிட்டு, காலை ஐந்தே முக்காலுக்குப் புதுக்கோட்டை பஸ் பிடித்தோம். ஒன்றரை மணி நேரம். கந்தர்வகோட்டை தாண்டியதும் மண் சிவப்பாகிவிட்டது. வயல் குறைந்து முந்திரியும் தைலமரமும் வந்தன. புதுக்கோட்டையில் இட்லி சாப்பிட்டோம். வழக்கமாக ஆறு இட்லி சாப்பிடுகிறவர் மூன்றோடு எழுந்துவிட்டார். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அங்கிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் ஏறி, நார்த்தாமலை பிரிவில் இறங்கினோம். ஆட்டோக்காரர் அடிவாரத்துக்குப் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட இருநூற்றைம்பது கேட்டார். பேரம் பேசுமுன்பே அவர் சொன்னது குறைவாக இருந்ததால் அவர் மேலும் சந்தேகம் வந்தது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "சும்மாதானே நிக்கப் போறேன், பாதி வரைக்கும் வர்றேங்க" என்று அவரும் கிளம்பினார். கூடக் காசு கேட்பாரோ என்று பையை முன்பக்கம் போட்டுக்கொண்டேன்.

ஏறுவது மேலமலை. மேலே சோழர் காலத்துக் கற்கோயில் ஒன்றும் குடைவரைகளும் உண்டு. பாதை என்று தனியாக எதுவும் இல்லை, அகலமான வழவழப்பான பாறைதான் சரிந்து மேலே போகிறது. செருப்பு பிடிமானமாக இருந்தால் போதும். உண்மையிலேயே எளிதுதான், எழுதியவர்கள் மன்னிக்கவும். ஆனால் ஒன்பது மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிடுகிறது.

அவர் முன்னால் போனார், நான் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் நின்று போனை உயர்த்திப் படம் எடுத்தார். மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி படம். மகள் கல்யாணத்தில்கூட ஒரு படம் எடுக்காத மனிதருக்கு வெறும் பாறையில் என்ன வந்தது? பின்னாலிருந்து உற்று உற்றுப் பார்த்தேன். சட்டை முதுகு நனைந்திருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க, வரப்புல போற மாதிரி ஒருத்தர் பின்னால ஒருத்தரா போறீங்க? இங்க லாரியே போகலாங்க."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஒற்றையடி வரப்பிலேயே நடந்து பழகிய கால் எங்களுக்கு. ஆண்கள் முன்னால் போய்ப் பாம்பு பார்ப்பார்கள், நாங்கள் பின்னால் போவோம். அந்தப் பழக்கத்தில் இத்தனை அகலப் பாறையிலும் அவர் முதுகையே வேவு பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். முகத்தைப் பார்க்கவே இல்லை.

எட்டி நடந்து பக்கத்தில் போனேன். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கண்களை மூடியிருந்தார். உயர்த்திப் பிடித்திருந்த போனில் கேமராவே திறந்திருக்கவில்லை. இன்னொரு கை தாடையை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, என்ன பண்ணுது? பொய் சொல்லாதீங்க."

"நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு, கலா. நின்னா சரியாப் போயிடுது."

"எத்தன நாளா?"

"நடவுலேருந்து."

எனக்குக் கோபம், அழுகை இரண்டும் சேர்ந்து வந்தன. ஒரு பாறை நிழலில் உட்கார வைத்தோம். வலி அடங்கியதும், "மேல கோயில் தெரியுது, எட்டிப் பாத்துட்டு வந்துடலாமே" என்றார். ஆட்டோக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டோம். நேரே புதுக்கோட்டை ஆஸ்பத்திரி, அரை மணி நேரம். ஆட்டோக்காரர் பேசிய காசுக்கு மேல் வாங்கவில்லை. நான் பையை முன்னால் போட்டுக்கொண்டு நடந்ததை நினைத்து இன்னும் வெட்கப்படுகிறேன்.

ஈசிஜி பார்த்ததும் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாயிற்று. மலை ஏறும்போது வலித்ததையும், கூட்டாளிகளோடு பெரிய மலைக்குத் திட்டம் போட்டிருந்ததையும் டாக்டரிடம் சொன்னோம். வலி வந்த இடத்திலிருந்து வண்டிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார். கால் மணி என்றேன். கூட்டாளிகளோடு போகவிருந்த மலையில் பாதி வழியிலிருந்து இறங்க எவ்வளவு நேரம் என்று அடுத்துக் கேட்டார். ராத்திரி முழுக்க ஏற வேண்டிய மலை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அன்று சாயங்காலமே கூட்டாளிகளுக்குப் போன் போட்டு, ஐந்து பேரும் முதலில் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று அவரே சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். வாய்க்காலும் போர்செட்டும் வழியெல்லாம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது தோன்றாது. நாற்பது தாண்டியவர் யார் கூட வந்தாலும் பக்கத்தில் நடந்து முகத்தைப் பாருங்கள். அடிக்கடி படம் எடுத்தால் போனை வாங்கிப் பாருங்கள்.

உச்சியிலிருந்து என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் கூடத்தில் உட்கார்ந்து, கஞ்சியில் உப்பே இல்லை என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.