வேலிக்குள் நின்ற வரி

அவரும் சகலையும் ஒரே அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுகிறவர்கள். "தங்கச்சி வீட்டுக்காரர் அந்தப் புது மொழிய ஒரே வாரத்துல புடிச்சிட்டாராமே," என்று மனைவி சொன்னதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மொழியில் ஒரு வசதி உண்டு. ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி, அங்கிருந்து, 'வேலி' என்று நாமே குறித்துவைத்த எல்லை வரைக்கும் மிச்சமிருக்கும் வேலையைத் தனியே எடுத்து வைக்கலாம். பிறகு வேண்டிய தடவை ஓட்டலாம். அவர் எழுதியதில் விடை இரண்டு முறை அச்சாகிக்கொண்டே இருந்தது. மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் வேலை சகலையிடம் போய்விடும்.

சகலையே எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, மிச்சத்த ரெண்டு தடவ ஓட்டுறீங்களா?"

"ஆமா. கணக்குதான் ரெண்டு தடவ நடக்கணும். விடை ஒரு தடவ வந்தா போதும்."

"அப்ப அச்சடிக்கிற வரிக்கு வேலிக்குள்ள என்ன வேலை? மிச்சத்தோட அதுவும் சேந்துதான ஓடும்?"

அவர் அந்த வரியை வேலிக்கு வெளியே தள்ளினார். விடை ஒருமுறை மட்டும் வந்தது. எல்லாம் பளிச்சென்று விளங்கியது. இவ்வளவு அழகான விஷயத்தைத் தனக்கு முன்னால் இவன் பார்த்துவிட்டானே என்று வயிறு எரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு முடிச்சிட்டேன்," என்றார்.

"தெரியும்," என்றாள் மனைவி. "ஏதோ வேலி விஷயமாமே. தங்கச்சி போன் பண்ணினா."